வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுத் திரும்புங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியத்திலிருந்து மேற்கே பார்த்தால், வானம் தெளிந்த காலையில், கல்வராயன் மலைத்தொடர் அடிவானத்தில் நீண்ட நீலக் கோடாகத் தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. சமவெளியில் நிற்பவரை அதன் உயரத்தைவிட நீளம்தான் கட்டிப்போடும். அந்த நீளம் ஒரே படத்துக்குள் அடங்குவதில்லை. அகன்ற கோண லென்ஸை மாட்டினால் அடங்கும். ஆனால் மலை நூலாகச் சுருங்கி, படம் முழுக்க வானமும் வயலும்தான் மிஞ்சும். ஆகவே ஏரிக்கரையிலோ மொட்டைமாடியிலோ நின்று, தெற்கிலிருந்து வடக்காகக் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழெட்டுப் படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒட்டி ஒரே நீளப் படமாக்குகிறார்கள். இதைத்தான் பனோரமா என்கிறோம். ஒட்டி முடித்ததும் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கும். மலை விளிம்பு மயிரிழை பிசகாமல் சேர்ந்திருக்கும், மின்கம்பிகூட முறியாமல் ஓடும். வானம் மட்டும் பட்டை பட்டையாக நிற்கும். ஒரு பட்டை வெளிர்நீலம், அடுத்தது கருநீலம். கரும்புத் தோட்டத்தின் பச்சை நடுவில் சட்டென்று மாறும். பாதிச் சுவருக்கு நேற்றும் மீதிச் சுவருக்கு இன்றும் வேறு வேறு வாளியில் கரைத்த சுண்ணாம்பை அடித்தது போலிருக்கும்.

இந்தத் திட்டுகளை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இன்று பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. இன்றைய ஒட்டு மென்பொருள்கள் உண்மையிலேயே திறமையானவை. ஆனாலும் படங்களுக்கு இடையிலான வெளிச்சப் பொருத்தம் படம் எடுக்கும் இடத்திலேயே முடிவாக வேண்டிய காரியம் என்பதே என் வாதம். அங்கே விட்டதைக் கணினி மறைத்துக் கொடுக்கலாம், மீட்டுக் கொடுக்க முடியாது. அழகுக்காக எடுக்கும் படத்தில் இந்த வேறுபாடு சிறியது. ஓர் ஊரின், ஒரு மலையின், ஒரு கோயில் சுவரின் பதிவாக எடுக்கும் படத்தில் அது பெரியது.

முதலில், திட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிவாகிறது என்பதை மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன: லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், அது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்ற ஷட்டர் வேகம், பதிவாகும் சமிக்ஞையை எவ்வளவு பெருக்குவது என்ற ஐஎஸ்ஓ. இம்மூன்றும் சேர்ந்ததே எக்ஸ்போஷர். ஆட்டோவில் விட்டால் கேமராவின் ஒளிமானி ஒவ்வொரு படத்துக்கும் இந்த எண்களைப் புதிதாகக் கணக்கிடும். அதற்குக் கருப்பு எது, வெள்ளை எது என்று தெரியாது. முன்னால் இருப்பது எதுவானாலும் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படைக் கணக்கு. கருங்கல் மண்டபத்தைக் காட்டினால் அதை வெளுக்கச் செய்யும். வெள்ளையடித்த சுவரைக் காட்டினால் அதை மங்கச் செய்யும். இன்றைய கேமராக்கள் காட்சியின் வகையை ஊகித்து இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு படமும் அவற்றுக்குத் தனி வழக்கு. முந்தைய படத்துக்கு என்ன தீர்ப்புச் சொன்னோம் என்று அவை திரும்பிப் பார்ப்பதில்லை. ஏரிக்கரையிலிருந்து கேமராவைத் திருப்பும்போது மூன்றாவது படத்தில் ஒரு புளியமரம் சட்டத்தின் பாதியை அடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளிமானி, இருட்டாக இருக்கிறது என்று ஒளியைக் கூட்டும். நான்காவது படத்தில் மரம் போய், ஏரி நீர் வானத்தைப் பிரதிபலிக்கும். உடனே ஒளியைக் குறைக்கும். இரண்டு படத்திலும் இருப்பது அதே வானம், அதே வெயில். மாறியது கேமராவின் மனசு மட்டும்.

இந்த மாற்றம் எவ்வளவு இருக்கும்? ஒளியின் அளவு இரட்டிப்பதையோ பாதியாவதையோ புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்பார்கள். பெரும்பாலான கேமராக்கள் ஒரு ஸ்டாப்பை மூன்றாகப் பிரித்து, அந்தப் படிகளில் ஏறி இறங்குகின்றன. மிகச் சிறிய அந்த ஒரு படியே ஏறத்தாழ 26 சதவீத ஒளி வித்தியாசம். மனிதக் கண்ணோ, பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு சமதளப் பரப்புகளுக்கிடையே ஓரிரு சதவீத வித்தியாசத்தையே கண்டுபிடித்துவிடும். வெளிச்சம் மாறும் எல்லைக்கோட்டில் இல்லாத பட்டையைக்கூடக் கண் உண்டாக்கிக்கொள்ளும் என்பதை 1865இல் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் விளக்கினார். மாக் பட்டை என்று இன்றும் அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். கல்வராயன் போன்ற தூரத்து மலைக்கு இதில் கூடுதல் ஆபத்து. இடையிலுள்ள காற்றின் தூசியும் ஈரமும் ஒளியைச் சிதறடிப்பதால், மலைக்கும் அதன் பின்னாலுள்ள வானத்துக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவாகவே எஞ்சுகிறது. இரண்டு படங்களுக்கிடையிலான எக்ஸ்போஷர் வேறுபாடு அதைவிடப் பெரிதாகிவிட்டால், மலையின் விளிம்பைவிட ஒட்டின் விளிம்பு பளிச்சென்று தெரியும். எதைக் காட்டுவதற்காகப் படம் எடுத்தோமோ அதை ஒட்டு விழுங்கிவிடும்.

இனி மென்பொருளின் தரப்பு. அடுத்தடுத்த இரண்டு படங்களும் பொதுவாகப் பிடித்த ஒரு பகுதி இருக்கும். படத்தின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அப்படி ஏறிக்கொள்ளும்படி எடுப்பதே வழக்கம். அந்தப் பொதுப் பகுதி இரண்டிலும் ஒரே இடம் என்பதால் வெளிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அதன் சராசரி 100, மற்றொன்றில் 80 என்றால், முதலாவதைக் கொஞ்சம் குறைத்தும் இரண்டாவதைக் கொஞ்சம் கூட்டியும் சமன் செய்யலாம். எல்லாப் படங்களுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் இந்தப் பெருக்கெண்களைக் கண்டுபிடிக்கும் முறையை, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விவரித்தார்கள். ஆட்டோஸ்டிச் என்ற மென்பொருளுக்குப் பின்னாலிருப்பது அவர்களது பணிதான். பின்னால் வந்த பல ஒட்டு மென்பொருள்களும் அதே வழியில்தான் சிந்திக்கின்றன. அந்தக் கட்டுரையில் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. படங்களுக்கிடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், மிகச் சிறந்த விடை எல்லாப் படங்களையும் பூஜ்யத்தால் பெருக்குவது. எல்லாமே கருப்பாகிவிட்டால் வித்தியாசமே இருக்காது அல்லவா? அதைத் தடுக்க, பெருக்கெண்கள் ஒன்றிலிருந்து அதிகம் விலகக் கூடாது என்று தனியாக ஒரு நிபந்தனையை அவர்கள் சேர்க்க வேண்டியிருந்தது. மென்பொருளின் இயல்பு இதில் வெளிப்படுகிறது. அது தேடுவது படங்களுக்கிடையே உடன்பாட்டை. ரிஷிவந்தியத்து வானம் அன்று காலை எப்படி இருந்தது என்பது அதன் கேள்வியிலேயே இல்லை.

உடன்பாடும் உண்மையும் ஒன்றாகவே இருக்கும்வரை இதில் தொல்லை இல்லை. பிரிவது எங்கே? முதலாவது, வெளுத்துப்போன இடத்தில். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். மேகத்தின் ஒளி மிகுதியாகி 255ஐத் தொட்டுவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் 255 என்றே பதிவாகும். ஒரு படத்தைவிட அடுத்த படத்தில் இரண்டு மடங்கு ஒளி விழுந்திருந்தாலும், மேகம் இரண்டிலும் 255. மென்பொருள் இரண்டும் சமம் என்று நம்பிவிடும். வயலும் மலையும் வேறு கணக்குச் சொல்லும். சராசரி இரண்டுக்கும் நடுவில் எங்கோ விழும். பிறகு ஒளி கூடிய படத்தைக் குறைத்துக் காட்டும்போது, வெளுத்த மேகம் வெள்ளையாகவும் இல்லாமல் மேகமாகவும் இல்லாமல் தட்டையான சாம்பலாகும். இரண்டாவது, ஜேபெக்கில் உள்ள எண்கள் ஒளியின் நேரடி அளவு அல்ல. பார்வைக்கு இதமாக இருப்பதற்காகக் கேமரா அவற்றை ஒரு வளைகோட்டின் வழியே மாற்றி எழுதியிருக்கும். அந்த வளைவை அறியாமல் பெருக்கினால் நடுத்தர ஒளி பொருந்தும், நிழல் பொருந்தாது. ஹியூகின் போன்ற மென்பொருள்கள் அந்த வளைவையும் சேர்த்து ஊகிக்க முயல்கின்றன. இருந்தாலும் அது ஊகமே. மூன்றாவது, பிழை சேர்ந்துகொண்டே போவது. பன்னிரண்டு படங்கள் வரிசையாக ஒட்டப்படுகின்றன, ஒவ்வொரு ஒட்டிலும் ஒரே பக்கமாக 3 சதவீதம் பிசகுகிறது என்றால், பதினோரு ஒட்டுகளுக்குப் பிறகு பிசகு 38 சதவீதம். எந்த ஒட்டிலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெற்கு முனை காலையாகவும் வடக்கு முனை மதியமாகவும் தெரியும்.

ஒட்டுக் கோட்டைக் கரைப்பதற்கென்று வேறொரு நுட்பமும் உண்டு. 1983இல் பீட்டர் பர்ட், எட்வர்ட் ஏடல்சன் என்ற இருவர் வெளியிட்டது. படத்தின் நுணுக்கமான விவரங்களைக் குறுகிய அகலத்திலும், பரந்த வெளிச்ச மாற்றங்களை நீண்ட அகலத்திலும் கலந்துவிடுவது அதன் சாரம். இலையும் கம்பியும் கூர்மையாகவே இருக்கும், வானம் மட்டும் மெல்ல மெல்ல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும். அற்புதமான யோசனை. எனினும் அது செய்வது கோட்டை அகலமாக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதுதான். வித்தியாசம் அங்கேயே இருக்கிறது, பரவிக் கிடக்கிறது. பார்ப்பவர் அதை வானத்தின் இயல்பான மாற்றம் என்று எடுத்துக்கொள்வார். பட்டை தெரியும் படம் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. கரைத்த படம் சொல்வதில்லை. பதிவு என்ற முறையில் இரண்டாவதையே நான் அதிகம் சந்தேகிப்பேன்.

மென்பொருளே இல்லாத காலத்தில் இந்தப் பிரச்சினை எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கு நம் மண்ணிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. மதராஸ் அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினியஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி, 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டிய அந்தச் சுருளின் நீளம் ஏறத்தாழ 19 அடி. அவரிடம் இன்றைய ஒளிமானி கிடையாது. ஒளிபட்ட நேரம், ரசாயனத்தில் கழுவிய பக்குவம், அச்சிட்ட தாளின் அடர்த்தி என்று ஒவ்வொரு படத்திலும் மூன்று இடங்களில் வெளிச்சம் பிசகலாம். 21 படங்களிலும் மூன்றும் ஒத்துவந்தால்தான் கல் ஒரே கல்லாகத் தெரியும், எழுத்து படிக்கக் கிடைக்கும். பின்னால் யாராவது சரிசெய்வார்கள் என்று விட்டுவிட அவருக்கு வழியே இல்லை. தன் நெகடிவுகளில் வானத்தைக் கையால் வண்ணம் தீட்டித் திருத்தியவர்தான் அவர். திருத்தலுக்கு எதிரானவர் அல்லர். ஆனால் கல்வெட்டின் எழுத்தை அப்படித் தீட்ட முடியாது என்பது வெளிப்படை. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், செலவு அதிகம் என்று அரசு தன் புகைப்படத் துறையையே மூடிவிட்டது நமக்குப் பெரிய இழப்பு.

அதே கோயிலின் உள்ளே, கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய இருண்ட பாதையில், சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி வெளியுலகுக்குச் சொன்னார். பின்வாங்கி நின்று முழுச் சுவரையும் ஒரே படமாக எடுக்க அங்கே இடமில்லை. இந்தியத் தொல்லியல் துறைக்காக பி.எஸ்.ஸ்ரீராமன் எழுதி 2011இல் வந்த சோழர் ஓவிய நூலுக்குப் பகுதி பகுதியாக எடுத்த படங்களை இணைத்துத்தான் முழு ஓவியத்தைக் காட்ட முடிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் விளக்கின் தூரமே எக்ஸ்போஷர். விளக்கு இரண்டு மடங்கு தள்ளிப்போனால் சுவரில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒரு சட்டத்துக்கு விளக்கு ஓர் அடி நெருங்கினாலும், அங்கே நிறம் உயிர்த்தெழுந்தது போலவும் பக்கத்தில் புகை படிந்தது போலவும் தோன்றும். எது புகை, எது விளக்கு என்று ஓவியத்தைப் பாதுகாக்க வருபவருக்குப் படத்திலிருந்து தெரிய வேண்டும். ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலானாலும் சரி, வேறெந்த ஊர்க் கோயிலானாலும் சரி, அனுமதி பெற்று மண்டபத்தையோ மதிலையோ பதிவு செய்பவர்கள் விளக்குக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைக் கயிறு வைத்து அளந்து நிலைப்படுத்துவது நல்லது.

எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், அதாவது எல்லாப் படங்களுக்கும் அதே எண்களை வையுங்கள் என்றால், உடனே வரும் ஆட்சேபம் நியாயமானது. ஒரு முனையில் மரநிழல், மறுமுனையில் பளபளக்கும் நீர். ஒரே அளவில் இரண்டையும் எப்படிப் பிடிப்பது? ஒன்று வெளுக்கும், அல்லது ஒன்று இருளும். உண்மைதான். அதற்கு விடை, காட்சியில் மிகவும் ஒளிமிக்க இடத்தை முதலில் பார்த்து, அது வெளுக்காத அளவில் எண்களை வைப்பது. நிழல் கொஞ்சம் இருண்டே பதிவாகட்டும். கேமரா மாற்றி எழுதாத மூலப் பதிவான ரா கோப்பாக எடுத்தால் 12 அல்லது 14 பிட் அளவுக்கு விவரம் இருக்கும். ஒட்டிய பிறகு மொத்தப் படத்துக்கும் ஒரே சீராக நிழலைத் தூக்கலாம். அதற்கும் அடங்காத காட்சி என்றால், ஒவ்வொரு திசையிலும் குறைந்தது, நடுத்தரம், கூடியது என்று மூன்று எக்ஸ்போஷரில் எடுத்து இணைக்கலாம். வெவ்வேறு எக்ஸ்போஷர்களிலிருந்து உண்மையான ஒளி அளவை மீட்கும் வழியை 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் காட்டினார்கள். அப்போதும் எல்லாத் திசைக்கும் அதே மூன்று எண்கள்தான். ஒரு பூட்டுக்குப் பதில் மூன்று பூட்டு, அவ்வளவே.

இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மனிதக் கண்ணும் திரும்பும்போதெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்கிறதே, கேமரா செய்தால் என்ன தவறு? கண் தன்னைச் சரிசெய்துகொள்வது மெய். ஆனால் பனோரமாவைச் சுவரில் மாட்டினால், அதைப் பார்க்கப்போவதும் ஒரு கண்தான். இருண்ட பகுதிக்கு வரும்போது அது தானாகவே பழகிக்கொள்ளும். மலையின் எந்தச் சரிவில் வெயில், எந்தச் சரிவில் நிழல், வானம் எந்தப் பக்கம் ஒளி மிகுந்தது என்ற விகிதங்களைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் படத்தின் வேலை. மாலையில் இதே இடத்தில் நின்றால் சூரியன் கல்வராயனுக்குப் பின்னால் இறங்கும். அதை ஒட்டிய வானம் மற்ற வானத்தைவிடப் பல மடங்கு ஒளியோடு இருக்கும். ஆட்டோவில் எடுத்து மென்பொருளிடம் கொடுத்தால் இந்த ஏற்றம் தட்டையாகிவிட வாய்ப்பு அதிகம். அந்த ஏற்றம்தானே மாலை?

மேகம் போய்வந்தால் பூட்டியும் பயனில்லையே என்பவர்களுக்கு: ஆம், அப்போது மாறியது வெளிச்சமே. கொஞ்சம் காத்திருக்கலாம், அல்லது ஒரு நிமிடத்துக்குள் எல்லாப் படங்களையும் எடுத்து முடிக்கலாம். காட்சி முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தால் மென்பொருளின் பெருக்கெண் அங்கே பொருத்தமான மருந்துதான். லென்ஸினால் படத்தின் மூலைகள் சற்று இருண்டு பதிவாவதும் அப்படியே. பூட்டிய படங்களிலும் அதனால் வானத்தில் அலையலையாக நிழல் விழும். எஃப்/8 போன்ற சிறிய திறப்பு அதைக் குறைக்கும், மீதியை மென்பொருள் அளந்து நீக்கும். அந்த இருள் லென்ஸின் மாறாத குணம் என்பதால் அதை ஊகிக்கத் தேவையில்லை. காரணம் தெரிந்த பிழையைக் கணினியிடம் தயங்காமல் கொடுக்கலாம் என்பதே என் அளவுகோல். போலரைசர் வடிகட்டியை மட்டும் பனோரமாவுக்குக் கழற்றிவிடுங்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானத்தை அதிகமாகவும் மற்ற திசைகளில் குறைவாகவும் அது கருக்கும், அதற்கு மருந்து இல்லை.

செயற்கைக்கோள் படங்களிலும் இதே பிரச்சினை வானளாவ நிற்கிறது. டேராடூனிலுள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் காட்டுப் பரப்பை மதிப்பிட்டு வருகிறது. கல்வராயன் போன்ற மலையில் ஒரு சரிவு சென்ற முறையைவிட இருண்டு தெரிந்தால், காடு அடர்ந்ததா, அல்லது படம் எடுத்த நாளில் வெயில் சாய்ந்திருந்ததா என்பதே முதல் கேள்வி. அதனால்தான் தொலையுணர்வுத் துறையில், பதிவான எண்களைக் கருவியின் அளவீட்டையும் சூரியனின் உயரத்தையும் கொண்டு உண்மையான ஒளி அளவாக மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுகிறார்கள். கண்ணுக்கு ஒத்துப்போகிற மாதிரி நிறத்தைச் சரிக்கட்டிய படம் சுவரில் மாட்ட உதவும், காட்டை அளக்க உதவாது.

செல்போனில் இதெல்லாம் முடியுமா என்றால், முடியும். பல போன்களில் திரையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். புரோ மோடு உள்ள போனில் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் எண்ணாகவே வைக்கலாம். பனோரமா மோடில் சில போன்கள் தொடக்க வெளிச்சத்தையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும், சில போகப்போக மாற்றும். உங்கள் போன் எந்த வகை என்று வெளிச்சமான பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கேமரா வைத்திருப்பவர்கள் மேனுவலுக்கு மாறி, நல்ல வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 1/400 நொடி என்று தொடங்கலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடக் கூடாது. வெளிச்சம் பொருந்தி நிறம் பொருந்தாமல் போகும். ரிஷிவந்தியத்துப் பக்கத்திலிருந்து கல்வராயனை எடுக்கக் காலையே நல்ல நேரம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மலை முழுக்க வெயில் விழும், வானமும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் ஏரிகளும் மலையும் வரும் ஆண்டுகளில் எப்படி மாறுகின்றன என்பதற்கு இத்தகைய படங்கள் சாட்சியாக நிற்க முடியும். அதற்காக ஒரு வேண்டுகோள்: ஒட்டி முடித்த கையோடு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸ்போஷர் விவரங்கள் கழன்றுவிடும். ஆகவே நின்ற இடம், தேதி, நேரம், பூட்டிய எண்கள் நான்கையும் ஒரு தாளில் எழுதி, மூலப் படங்களோடு சேர்த்து வையுங்கள்.